முத்து ஏட்டில் பெருமை, குளத்து ஏட்டில் ஊர்: மன்னார் முஸ்லிம் ஊர் வரலாறுகள் காலனித்துவ ஆவணங்களைக் கையாளும் விதம்

சில மாதங்களுக்கு முன் முசலிப் பக்கத்தில் நடந்த ஓர் ஊர் வரலாற்று நூல் வெளியீட்டுக்குப் போயிருந்தேன். கிராஅத், தலைமையுரை, முதற்பிரதி, பொன்னாடை எல்லாம் முறைப்படி நடந்தன. நூலும் நல்ல தாளில் வந்திருந்தது. அட்டையில் இடிந்துகொண்டிருக்கும் அரிப்பு டோரிக் மாளிகையின் படம். கூட்டம் முடிந்து சாப்பாட்டுக்குக் காத்திருந்த நேரம், பக்கத்துக் கதிரையில் இருந்த ஒரு பெரியவர் புத்தகத்தை முன்னும் பின்னுமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். “என்ன காக்கா தேடுறீங்க?” என்று கேட்டேன்.

“எங்கட குளத்துட பேரத் தேடுறன் தம்பி. முத்து இருக்கு, அரபிக் கப்பல் இருக்கு, வெள்ளக்காரன் கட்டின மாளிகையும் இருக்கு. எங்கட வாப்பா வெதச்ச வயலும் குளமும் இதில இல்லயே.”

பிறகு அவரே விசயத்தைச் சொன்னார். இருபது வருடம் புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார். வயலில் காடு ஏறிக் கிடக்கிறது. உறுதி 1990இல் வீட்டோடு போய்விட்டது. “அடுத்த கிழம ஒரு விசாரணைக்குப் போகணும். கையில குடுக்க ஒரு எழுத்து வேணும். இந்தப் புத்தகத்தக் கொண்டு போகலாமா?”

நான் உடனே பதில் சொல்லவில்லை. அதைக் கொண்டு போனால் அவருக்கு நன்மையைவிடத் தீமையே வரலாம் என்று எனக்குப் பட்டது. ஏன் அப்படிப் பட்டது என்பதை விளக்கத்தான் இதை எழுதுகிறேன். நூலின் பெயரையோ ஆசிரியரின் பெயரையோ சொல்லப் போவதில்லை. குறை ஒருவருடையதல்ல. மன்னார் முஸ்லிம்களைப் பற்றி எழுதிய எங்களில் பலரும், நானும் சேர்த்துத்தான், இதே வழியிலேயே எழுதி வந்திருக்கிறோம்.

ஒரே அச்சில் வார்த்த நூல்கள்

1990 ஒக்டோபர் இறுதியில் வடமாகாண முஸ்லிம்கள் அத்தனை பேரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சனம். அவர்களில் பெரும்பகுதி மன்னார் மாவட்டத்தவர். எருக்கலம்பிட்டி, தாராபுரம், விடத்தல்தீவு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி என்று ஊர் ஊராக எழும்பிப் போனோம். நான் எருக்கலம்பிட்டிப் பிள்ளை. வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கியபோது எனக்குப் பதினொரு வயது. உறுதிகள் இருந்த தகரப் பெட்டியைப் பற்றி வாப்பா கடைசி வரை பேசிக்கொண்டே இருந்தார்.

அந்த வெளியேற்றத்துக்குப் பிறகுதான் ஊர் வரலாறு எழுதும் வேகம் எங்களுக்குள் பிறந்தது. ஊர் கையை விட்டுப் போனபோது அதைத் தாளிலாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்ற தவிப்பு. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அந்த நூல்களை அடுக்கி வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. முதல் அத்தியாயத்தில் அரபு வணிகர் வருவார்கள். இரண்டாவதில் முத்துக்குளிப்பு. மூன்றாவதில் போர்த்துக்கீசர், ஒல்லாந்தரின் கொடுமை. பிறகு பள்ளிவாசல், பாடசாலை, ஊர்ப் பெரியார்கள். கடைசியில் 1990. முத்துக்கும் அகதி வாழ்வுக்கும் இடையில் ஊர் எப்படிப் பிழைத்தது, எந்தக் குளத்தின் கீழ் விதைத்தது, யாருக்கு வரி கட்டியது, எந்தப் பஞ்சத்தில் அழுதது என்பது இருக்காது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் வெறுமை.

அந்த நூற்றாண்டைப் பற்றி ஆவணம் இல்லாமலா? இருக்கிறது. அதுவும் ஏராளமாக. நாங்கள் சுவடிக்கூடத்துக்குப் போனபோது அதைத் தேடிப் போகவில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்கே திரும்பி வந்த கதை

முதலில் ஜோன்ஸ்டனைப் பார்ப்போம். அவர் இல்லாமல் எங்கட ஊர் வரலாறு ஒன்றும் தொடங்குவதில்லை. இலங்கையின் பிரதம நீதியரசராக இருந்த சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன், கொழும்பில் கிடைத்த கூஃபி எழுத்துக் கல்வெட்டு ஒன்றை முன்னிட்டு எழுதிய கடிதம் 1827இல் றோயல் ஆசியச் சங்கத்தின் வெளியீட்டில் அச்சானது. ஹாஷிம் குலத்தவரில் ஒரு பகுதியினர் கலீபா அப்துல் மலிக் பின் மர்வானின் கொடுமையால் அரபு நாட்டை விட்டு வந்து, 8ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கையில் எட்டு இடங்களில் குடியேறினார்கள் என்ற செய்தி அதில் இருக்கிறது. மாந்தையும் மன்னாரும் அந்த எட்டில் ஒன்று, குதிரைமலை இன்னொன்று.

எங்கட நூல்களில் இது “ஜோன்ஸ்டன் நிறுவியுள்ளார்” என்று வரும். ஜோன்ஸ்டன் எதையும் நிறுவவில்லை. இலங்கை முஸ்லிம்களிடம் வழங்கிவரும் மரபு இது என்றுதான் அவர் சொன்னார். அதாவது, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எங்கட முன்னோர் ஒரு நீதிபதியிடம் சொன்ன வாய்மொழி இங்கிலீசில் அச்சாகி, இருநூறு வருடத்துக்குப் பிறகு “வெள்ளைக்காரனே ஒத்துக்கொண்டான்” என்ற முத்திரையோடு எங்களிடமே திரும்பி வந்திருக்கிறது.

இதனால் அந்தக் கடிதம் பயனற்றது என்று நான் சொல்லவரவில்லை. 8ஆம் நூற்றாண்டுக்கு அது பலவீனமான சாட்சி. ஆனால் 1800களுக்கு அது நல்ல சாட்சி. அந்தக் காலத்து முஸ்லிம்கள் தங்கள் பழைய குடியிருப்புகளை எண்ணிச் சொன்னபோது மன்னாரையும் குதிரைமலையையும் விடாமல் சேர்த்தார்கள் என்பது அதிலிருந்து தெரிகிறது. ஓர் ஆவணத்திடம் அதற்குத் தெரிந்ததைக் கேட்க வேண்டும். தெரியாததைக் கேட்டு, பிறகு நாமே பதில் சொல்லிக்கொள்ளக் கூடாது.

இதே பழக்கம்தான் சோனகர் இனவியல் விவாதத்திலும் இருந்தது. பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்ட கட்டுரை 1888இல் வெளிவந்தது. சட்டநிரூபண சபையில் முஸ்லிம்களுக்குத் தனி உறுப்பினர் வேண்டுமா என்ற கேள்வி அன்று சூடாக இருந்தது. அடுத்த வருடமே, 1889இல், எம்.சி. அப்துல் றஹ்மான் நியமனமானார். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் எழுதிய மறுப்பு 1907இல் நூலாக வந்தது. இந்த விவாதத்தை நாங்கள் இன்றும் வெற்றி தோல்விக் கதையாகவே படிக்கிறோம். அரசாங்கம் ஒரு சமூகத்துக்கு என்ன பெயர் வைக்கிறதோ அதன்படி ஆசனம் கிடைக்கும் என்ற நிலையில்தான் இரு பக்கமும் எழுதின என்பதைக் கவனிப்பதில்லை. பிறகு டென்ஹாம் நடத்திய 1911 குடிசன மதிப்பில் “இலங்கைச் சோனகர்”, “இந்தியச் சோனகர்” என்று இரண்டு நிரல்கள் வந்தன. கீழக்கரையில் பெண் எடுத்து எருக்கலம்பிட்டியில் குடியிருந்த ஒரு குடும்பத்தை அந்தக் கணக்கெடுப்புக்காரர் எந்த நிரலில் போட்டிருப்பார்? இரண்டு கரைக்கும் போக்குவரத்தாக இருந்த எங்கட கடலில் அந்தக் கோடு எங்கே ஓடியது? நிரலில் உள்ள எண்ணிக்கையை எடுத்துப் போட்டுவிட்டு இந்தக் கேள்வியைக் கேளாமல் விட்டால், கணக்கெடுத்தவரின் கண்ணாலேயே எங்களைப் பார்க்கிறோம் என்று பொருள்.

முத்து யாருக்குச் சாட்சி?

இனி முத்துக்கு வருவோம். மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பைப் போல ஆவணம் மலிந்த விசயம் எங்கட கரையில் வேறு இல்லை. 1803இல் பேர்சிவலும் 1807இல் கோடினரும் தங்கள் நூல்களில் அதை வர்ணித்தார்கள். பேராசிரியர் ஹேர்ட்மன் 1902இல் வந்து முத்துச் சிப்பிப் பார்களை ஆராய்ந்து எழுதிய அறிக்கை, 1903 தொடக்கம் 1906 வரை ஐந்து பாகங்களாக லண்டன் றோயல் சங்கத்தால் வெளியிடப்பட்டது. யாழ்ப்பாணக் கச்சேரியில் இளம் அதிகாரியாக இருந்த லெனாட் வூல்ஃப், 1906இல் மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்பு முகாமில் வேலை பார்த்ததைத் தன் சுயசரிதையின் ஒரு பாகமான 1961இல் வந்த நூலில் எழுதினார்.

ஏன் இவ்வளவு எழுத்து? காசுதான். எடுக்கும் சிப்பியை மூன்று பங்காகப் பிரித்து இரண்டை அரசாங்கம் எடுத்தது, ஒன்றுதான் மூச்சடக்கிக் குளித்தவருக்கு. 1905இல் மட்டும் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் அள்ளப்பட்டன. அந்த மயக்கத்தில் ஒரு லண்டன் கம்பனி 1906 முதல் இருபது வருடத்துக்கு, வருடம் 310,000 ரூபாய்க்குப் பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பிறகு சிப்பி இல்லை. அடுத்த பெரிய குளிப்பு 1925இல்தான் நடந்தது. ஒரு சிப்பியையும் விடாமல் எண்ணியதற்குக் காரணம் வரலாற்று ஆர்வமல்ல.

இந்த ஏடுகளை எங்கட நூல்கள் பெருமைக்காகப் பயன்படுத்துகின்றன. அரபிகள் வந்தார்கள், முஸ்லிம்கள் குளித்தார்கள், ஆகவே இது எங்கட பூர்வீக மண் என்று வாதம் போகிறது. ஆனால் அதே ஏடுகளைப் பொறுமையாகப் படித்தால் என்ன தெரிகிறது? குளித்த முஸ்லிம்களில் பெரும்பாலானோர் கீழக்கரையிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் வந்தவர்கள். பரதவர் தூத்துக்குடியிலிருந்து வந்தவர்கள். மரிச்சுக்கட்டியிலும் சிலாவத்துறையிலும் எழும்பிய பட்டணம் கிடுகும் கம்பும் கொண்டு கட்டியது. பல்லாயிரம் பேர் சில கிழமை இருப்பார்கள், பிறகு கலைந்து போவார்கள்.

பெரியவரின் கேள்விக்கு நான் வாயடைத்துப் போனது இதனால்தான். அந்தப் புத்தகத்தை விசாரணையில் கொடுத்தால், எதிர்ப்பக்கத்தில் ஒருவர் எழும்பி, “உங்கள் நூலே சொல்கிறதே, இங்கே வந்தவர்கள் பருவத்துக்கு வந்து போன வெளியூர்க்காரர்கள்தான் என்று” எனச் சொல்லலாம். முத்து முகாம் ஓர் ஊர் இருந்ததற்குச் சாட்சியல்ல. எங்கட மிகப் பெரிய பெருமைதான் எங்களுக்கு மிகப் பலவீனமான உறுதி.

ஆனாலும் முத்து ஏட்டிலும் ஊர் ஒளிந்திருக்கிறது. அதை வேறு இடத்தில் தேட வேண்டும். அந்த இங்கிலீசு அறிக்கைகளைத் திறந்தால் பார், தண்டல், சம்மாட்டி, கொட்டு, அடப்பனார், கழஞ்சு, மஞ்சாடி என்று தமிழ்ச் சொற்கள் உருக்குலைந்த எழுத்தில் நிறைந்து கிடக்கின்றன. அதிகாரிகள் மாறி மாறி வந்தார்கள். சொற்களைப் பிடித்து வைத்திருந்தது இந்தக் கரைச் சனம். முகாமுக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, கிடுகு யார் கொடுத்தது, விறகும் அரிசியும் எந்த ஊர் வண்டியில் வந்தன என்று கேட்டால், பருவத்துக்கு வந்தவருக்கு அப்பால் நிரந்தரமாக இருந்தவர் தெரிய ஆரம்பிப்பார். இந்தக் கேள்வியோடு முத்து ஏட்டைப் படித்த ஊர் நூல் எதையும் நான் இன்னும் பார்க்கவில்லை.

சலிப்பூட்டும் ஏடுகள்

ஊர் எங்கே இருக்கிறது என்றால், யாரும் மேற்கோள் காட்ட விரும்பாத சலிப்பூட்டும் ஏடுகளில். 1808 தொடக்கம் மாகாண அதிகாரிகள் நாட்குறிப்பு எழுத வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தது. மன்னாரில் இருந்த உதவி அரசாங்க அதிபர், யாழ்ப்பாணத்து அரசாங்க அதிபருக்குக் கீழ்ப்பட்டவர். அவர் குதிரையிலோ வண்டியிலோ சுற்றுப் போனால், எந்த ஊரில் தங்கினார், எந்தக் குளக்கட்டு உடைந்து கிடந்தது, எந்த விதானை பொய் சொன்னான், எங்கே காய்ச்சல் என்று எழுதுவது அந்த நாட்குறிப்புகளின் வழக்கம். வருடாவருடம் அச்சான நிர்வாக அறிக்கைகளில் மன்னாருக்கும் பக்கங்கள் உண்டு. மன்னாரில் உதவி அதிபராக இருந்த போக் என்பவர் இந்த மாவட்டத்தைப் பற்றித் தனி நூலே எழுதி 1888இல் அச்சிட்டார். 1890களின் தொடக்கத்தில் நீக்கப்படும் வரை நெல்லுக்கு வரி இருந்தது. வரி இருந்தால் இடாப்பு இருக்கும், இடாப்பு இருந்தால் வயலின் பெயரும் ஆளின் பெயரும் இருக்கும். கட்டுக்கரைக்குளம், அகத்திமுறிப்பு போன்ற நீர்ப்பாசன வேலைகளின் கோப்புகள், நில அளவைத் திணைக்களத்தின் வரைபடங்கள், விவாகப் பதிவுகள், பாடசாலைச் சம்பவத் திரட்டுகள் என்று இந்தப் பட்டியல் நீளும்.

தேடப் போகும் இளைஞர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில வார்த்தை.

முதல் நாளே கையெழுத்துக் கோப்புக்குள் இறங்காதீர்கள். அச்சான நிர்வாக அறிக்கைகளையும் சபைப் பத்திரங்களையும் முதலில் பாருங்கள். எந்த வருடத்தில் எந்தப் பிரச்சினை பெரிதாக இருந்தது என்று அதில் பிடிபடும். அந்த வருடங்களைக் குறித்துக்கொண்டு நாட்குறிப்புக்குப் போங்கள், பிறகு கச்சேரிக் கோப்புக்கு. கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இல்லாவிட்டால் வேறு வழியும் உண்டு. ஆளுநர் லண்டனுக்கு அனுப்பிய கடிதங்கள் இங்கிலாந்தின் தேசிய சுவடிக்கூடத்தில் சீ.ஓ. 54 என்ற தொடரில் இருக்கின்றன. இந்தியக் கரை விசயமென்றால் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம்.

ஊர்ப் பெயரை ஒரே எழுத்துக் கூட்டலில் தேடிவிட்டு “இல்லை” என்று எழும்பி வராதீர்கள். அரிப்பு “அரிப்போ” என்று இருக்கும். கொண்டச்சி “கொண்டாட்சி” ஆகியிருக்கும். மாந்தை “மந்தோட்டே” என்று வரும். மன்னாரையே மூன்று விதமாக எழுதியிருக்கிறார்கள். எழுதியவர் காதில் விழுந்தது எப்படியோ அப்படி. வாய்விட்டுப் படித்தால்தான் பாதிப் பெயர் புரியும். 1834இல் இலங்கை இடவிளக்க நூல் ஒன்றைத் தொகுத்தவர் கற்பிட்டியில் பிறந்த தமிழரான சைமன் காசிச்செட்டி. மற்றவர் எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க அவருடைய நூல் உதவும்.

குறிப்பெடுக்கும்போது பக்க எண், கோப்பு எண், திகதி மூன்றையும் எழுதாமல் ஒரு வரியும் எழுதாதீர்கள். என் முதல் வருடக் குறிப்புகள் பாதி இதனால் வீணாகின. ஊரைப் பற்றி அழகான ஒரு தகவல் என் கொப்பியில் இருக்கிறது, எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. அதை நான் இன்றுவரை எங்கும் எழுதவில்லை.

ஏடு நடுநிலையானதல்ல

சலிப்பூட்டும் ஏடு உண்மை பேசும், பெருமை பேசும் ஏடு பொய் பேசும் என்று யாரும் விளங்கிக்கொள்ள வேண்டாம். எல்லா ஏட்டுக்கும் பின்னால் ஒரு தேவை இருந்தது.

மன்னார்க் கரையின் இன்னொரு பெரிய ஆவணத் திரட்டைப் பாருங்கள். கோப்பி, பிறகு தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் தலைமன்னார், பேசாலை, வங்காலைப் பக்கங்களில் இறங்கி, மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் கொலரா, தண்ணீர் இல்லாமை, சாவு. 1840களில் எழுபதாயிரம் பேர் இறந்தார்கள் என்ற கணக்கு அக்காலப் பத்திரிகையிலேயே வந்தது. இன்றும் பலர் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அது சவங்களை எண்ணிய கணக்கல்ல. வந்தவர் எத்தனை, திரும்பியவர் எத்தனை, தோட்டத்தில் இருந்தவர் எத்தனை என்ற கணக்குகளின் இடைவெளியில் இருந்து எடுத்த எண். துறையில் திரும்பிப் போனவரைச் சரியாக எண்ணாமல் விட்டால், உயிரோடு ஊர் போனவரும் அந்தக் கணக்கில் மௌத்தாகிவிடுவார். பின்வந்த வரலாற்றாசிரியர்கள் இதைச் சுட்டிக்காட்டினார்கள். அதனால் அந்தப் பாதையின் கொடுமை குறைந்துவிடாது. தோட்டத்துரைக்கு வேலைக்கு வந்த தலைகள் தேவை, வழியில் விழுந்த தலைகளின் பெயர் தேவையில்லை என்பதைத்தான் அந்த ஏட்டின் ஓட்டை காட்டுகிறது. 1914இல் தலைமன்னார் இறங்குதுறையும் ரயிலும் வந்த பிறகு எண்ணுவது சீராகியிருக்கலாம். எண்ணியதன் நோக்கம் மாறவில்லை.

இதே பாடம் எங்கட காணிக்கும் பொருந்தும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடாத நிலமும் எதிர்ச்சாட்சி வரும்வரை முடிக்கே சொந்தம் என்று அனுமானித்தது. விட்டுவிட்டு விதைக்கும் சேனை நிலத்தைக் கண்டிப் பகுதிகளுக்கு வெளியே காடாகவோ தரிசாகவோ கொள்ள வேண்டும் என்றும் அது சொன்னது. மன்னார் கண்டிப் பகுதியல்ல. 1897இல் தரிசுநிலச் சட்டம் இன்னும் இறுக்கியது. ஆகவே அந்தக் காலத்து வரைபடத்தில் “காடு” என்று பச்சையாக இருப்பது மனிதக் கால் படாத காடு என்று பொருளல்ல. மூன்று வருடம் முன் ஒருவர் தினையும் எள்ளும் விதைத்த இடமாகவும் அது இருக்கலாம்.

2017 மார்ச்சில் மாவில்லு பேணற்காடு வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபோது மரிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பக்கத்துக் காடுகள் அதற்குள் வந்தன. வில்பத்தைப் பற்றிய கவலை பொய்யென்று நான் சொல்லவில்லை. காட்டை அழித்து யாரும் ஊர் அமைக்கக் கூடாது. ஆனால் எது காடு, எது இருபது வருடம் கைவிடப்பட்ட வயல் என்பதைப் பழைய வரைபடத்தின் பச்சை நிறத்தை மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது. அதற்குப் பக்கத்தில் நெல் வரி இடாப்பும் குளப் பட்டியலும் வைக்கப்பட வேண்டும். அந்த இடாப்பைத் தேடி எடுத்து வைக்க வேண்டியவர்கள் நாங்கள்தான். நாங்களோ டோரிக் மாளிகையின் படத்தை எடுத்து வைத்தோம். 1800களின் தொடக்கத்தில் ஆளுநர் நோர்த் தனக்குக் கட்டிய வீடு அது. அதில் எங்கட ஊர் எங்கே?

பேராசிரியர் ஹஸ்புல்லாஹ் இதற்கு எங்களுக்கு ஒரு வழி காட்டினார். வடமாகாண அகதிகள் இழந்தது என்ன என்று வீடு, காணி, மாடு, வள்ளம் எனக் கணக்கெடுத்தார். 2001இல் இங்கிலீசில் வந்த அவருடைய நூலில் பெருமைப் பேச்சு இல்லை, கணக்கு இருக்கிறது. ஊர் வரலாறு எழுதுபவர்கள் அந்த மனதோடு நூறு வருடம் பின்னுக்குப் போனால் போதும் என்று நான் பல தடவை நினைத்திருக்கிறேன்.

கொப்பியில் எழுதிய குளங்கள்

பெரியவரிடம் அன்று கடைசியில் இதைத்தான் சொன்னேன்: “காக்கா, இந்தப் புத்தகத்தக் குடுக்காதீங்க. ஒரு கொப்பியக் குடுங்க.”

சாப்பாட்டுக்குப் பிறகு பள்ளிவாசல் விறாந்தையில் இருந்து எழுதத் தொடங்கினோம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். குளத்தின் பெயர், அதன் கீழ் வயல்துண்டுகளின் பெயர், எல்லையில் நின்ற மரம், யார் யார் விதைத்தார்கள், தண்ணீர் முறை எப்படி, வட்டவிதானை யார். கொஞ்ச நேரத்தில் இன்னும் மூன்று பேர் வந்து இருந்தார்கள். ஒருவர் சொன்ன பெயரை இன்னொருவர் மறுத்தார். ஒரு குளத்துக்கு இரண்டு பெயர் இருந்தது அப்போதுதான் தெரிந்தது. மஃரிப் வரைக்கும் இருபத்தேழு பெயர் சேர்ந்தது.

அது விசாரணைக்கான சான்று அல்ல, எனக்குத் தெரியும். ஆனால் சுவடிக்கூடத்துக்குப் போகிறவருக்கு அதுதான் திறப்பு. குளத்துக்கு இரண்டு பெயர் என்று தெரியாமல் போனவர் ஒரு பெயரைத் தேடிவிட்டு வெறுங்கையோடு வருவார். இடாப்பில் மற்றப் பெயர் இருக்கும். இங்கிலீசுக்காரர் எழுதிய ஏட்டைத் திறக்கும் திறப்பு எங்கட மூத்தவர்களின் வாயில் இருக்கிறது. அந்த வாய்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகின்றன.

ஆகவே இந்த இதழைப் படிக்கும் மன்னார் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஊர் வரலாற்றை எழுத முன், மஹல்லாவுக்கு ஒரு கொப்பி போடுங்கள். குளம், வயல், துறை, பாதை, கிணறு, மையவாடி, எல்லாவற்றின் பெயரையும் எழுதுங்கள். ஒரே இடத்துக்கு வேறு வேறு பெயர் இருந்தால் எல்லாவற்றையும் எழுதுங்கள், யார் சொன்னார் என்பதையும் எழுதுங்கள். பள்ளிவாசல் பரணில் கந்தூரிக் கணக்கோ அரபுத்தமிழில் எழுதிய பழைய கொப்பியோ கிடந்தால் கறையானுக்கு விடாமல் படமெடுத்து வையுங்கள். நூலகம் நிறுவனத்தைப் போல இலத்திரனியல் முறையில் பாதுகாப்பவர்கள் இருக்கிறார்கள். சுவடிக்கூடத்தில் அரபுத்தமிழ் வாசிக்கத் தெரிந்தவரைத் தேடி அலைய வேண்டும், எங்கட மதரஸாவில் அலைய வேண்டியதில்லை. பிறகு படித்த பிள்ளைகள் இரண்டு பேரை, பஸ் காசு கொடுத்து, கொழும்புக்கு அனுப்புங்கள். ஒரு வெளியீட்டு விழாவின் பொன்னாடைச் செலவு அதற்குப் போதும்.

பெரியவரின் விசாரணை தள்ளிப் போயிருக்கிறது. அந்தக் கொப்பியின் பிரதியோடு, வரும் மாதம் நான் நெல் வரி இடாப்பைத் தேடிப் போகிறேன். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கிடைத்தால் அதன் கோப்பு எண்ணையும் பக்க எண்ணையும் திகதியையும் முதலில் எழுதிக்கொள்வேன்.